வால்சால்வா சைனஸ் வீக்கம் வெடித்தால்: அறுவை சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்சால்வா சைனஸ் என்பது எது? அதில் வீக்கம் எப்படி வருகிறது?

இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்பும் இடத்தில் அயோர்ட்டிக் வால்வு இருக்கிறது. அதன் மூன்று இதழ்களுக்கும் நேர் மேலே தமனிச் சுவர் மூன்று குழிவுகளாகப் புடைத்திருக்கும். இவையே வால்சால்வா சைனஸ்கள். இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் அந்தோனியோ மரியா வால்சால்வாவின் (1666–1723) பெயர் இவற்றுக்கு நிலைத்துவிட்டது. ஒன்றிலிருந்து, இதயத் தசைக்கே ரத்தம் தரும் வலது கரோனரி தமனியும் இன்னொன்றிலிருந்து இடது கரோனரி தமனியும் பிரிகின்றன. மூன்றாவதில் தமனி ஏதும் கிளம்புவதில்லை. அது கரோனரி இல்லாத சைனஸ்.

பெருந்தமனிச் சுவரின் நடு அடுக்கும் வால்வின் நார் வளையமும் சேரும் கோட்டில் சிலருக்குப் பிறவியிலேயே மீள்தன்மை கொண்ட திசு குறைவாக இருக்கும். பெருந்தமனியின் முழு அழுத்தமும் ஒவ்வொரு துடிப்பிலும் அந்த இடத்தில் விழுவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல சுவர் பிதுங்கி, கையுறையின் விரல் போல நீண்டு பக்கத்து அறைக்குள் தொங்கும். அந்த விரலின் நுனி கிழிவதே வெடிப்பு. எண்டோகார்டைட்டிஸ் என்ற இதய உள்ளுறைத் தொற்று, மார்ஃபான் என்ற பிறவி இணைப்புத்திசு நோய், சிஃபிலிஸ், மார்பில் பலத்த அடி ஆகியவற்றாலும் வீக்கம் வரலாம். ஆனாலும் பிறவிக் குறையே முதன்மையான காரணம்.

எவ்வளவு அரிது?

பிணப் பரிசோதனைகளில் சுமார் 0.09 சதவீதம் பேரிடம் காணப்பட்டிருக்கிறது. அதாவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெண்களைவிட ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். ஆசிய நாடுகளில் மேலை நாடுகளைவிடக் கூடுதலாகப் பார்க்கிறோம். வெடிப்பு பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் நிகழ்கிறது.

மூன்றில் வலது கரோனரி சைனஸே அதிகம் பாதிக்கப்படுகிறது (65–85 சதவீதம்). அடுத்து கரோனரி இல்லாத சைனஸ் (10–30 சதவீதம்). இடது சைனஸ் 5 சதவீதத்துக்கும் கீழ். வலது சைனஸ் வீக்கம் பெரும்பாலும் வலது கீழறைக்குள் வெடிக்கும். கரோனரி இல்லாத சைனஸ் வீக்கம் வலது மேலறைக்குள். எந்த இடத்திலிருந்து எங்கே வெடிக்கிறது என்பதை வைத்து சகாகிபரா, கொன்னோ என்ற ஜப்பானிய மருத்துவர்கள் 1962இல் நான்கு வகைகளாகப் பிரித்தார்கள். எந்த அறையைத் திறந்து போவது என்று முடிவு செய்ய அந்தப் பிரிவு இன்றும் கைகொடுக்கிறது.

வெடித்தால் உடனே உயிர் போய்விடுமா?

பெரும்பாலும் இல்லை. வயிற்றிலோ மார்பிலோ பெருந்தமனி வெடித்தால் ரத்தம் உடலின் உட்குழிக்குள் கொட்டுகிறது. இங்கே அது இதயத்தின் இன்னோர் அறைக்குள்தான் போகிறது. உடலை விட்டு ரத்தம் வெளியேறுவதில்லை. ஆனால் பெருந்தமனியில் அழுத்தம் எப்போதும் வலப்புற அறைகளைவிட மிக அதிகம் என்பதால், இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் இடைவிடாமல் ரத்தம் அங்கே பாய்ந்துகொண்டே இருக்கும். அது மீண்டும் நுரையீரலுக்குப் போய் இடப்புறம் திரும்புகிறது. ஒரே ரத்தத்தை இதயம் திரும்பத் திரும்பச் சுமக்க வேண்டியிருப்பதால் அது களைத்துப்போகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் வெடித்தால் இதயம் நெருக்கப்பட்டு நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து வரும். இது மிக மிக அரிது. நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை.

அறிகுறிகள் என்ன?

கிழிசல் பெரிதானால் திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு. பளு தூக்கும்போதோ கடுமையாக முக்கும்போதோ தொடங்கியதாகச் சிலர் சொல்வார்கள். கிழிசல் சிறிதானால் சில வாரங்களோ மாதங்களோ கழித்து நடந்தால் இளைப்பு, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல் என்று மெதுவாக வெளிப்படும். சிலரிடம் எந்தத் தொந்தரவும் இருக்காது. ஸ்டெத்தஸ்கோப்பில் கேட்ட ஒலியைத் தொடர்ந்து போய்த்தான் கண்டுபிடிக்கப்படும்.

அந்த ஒலி முக்கியமான தடயம். மார்பெலும்பின் ஓரமாக, மூன்றாவது நான்காவது விலா இடைவெளியில், இடைவிடாமல் இரையும் ஒலி. அத்துடன் நாடி துள்ளும். ரத்த அழுத்தத்தின் கீழ் எண் இறங்கிவிடும். முப்பது வயதுக்காரருக்கு 120/40 என்ற அளவும் புதிதாக ஒரு தொடர் இரைச்சலும் சேர்ந்து வந்தால் இந்த நோயை நினைத்தே ஆக வேண்டும்.

எக்கோ என்ற ஒலியலைப் படத்தில் வேறு நோய் என்று தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. கீழறைச் சுவர் ஓட்டையோடு அயோர்ட்டிக் வால்வும் கசிந்தால் கிட்டத்தட்ட இதே ஒலி கேட்கும், எக்கோவிலும் வண்ணத்தில் காட்டப்படும் ரத்தப் பாய்ச்சல் ஏறக்குறைய அதே இடத்தில் தெரியும். பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும்: பாய்ச்சல் வால்வு வளையத்துக்கு மேலிருந்து கிளம்புகிறதா, கீழிருந்தா? சுருங்கும்போது மட்டுமா, எப்போதுமா? வளையத்துக்கு மேலிருந்து, சுருங்கும்போதும் விரியும்போதும் பாய்ந்தால் அது சைனஸ் வெடிப்பு. பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, பிறந்த பின்னும் மூடாத டக்டஸ் தமனியும், கரோனரி தமனி ஃபிஸ்டுலா என்ற முறையற்ற இணைப்பும் இதே போன்ற தொடர் இரைச்சலைத் தரும்.

மார்பின் மேலிருந்து எடுக்கும் எக்கோவில் ஐயம் இருந்தால் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ தெளிவாகக் காட்டும். வீக்கத்தின் வாயின் விட்டம், நுனியில் எத்தனை துளைகள், அந்த வாய்க்கும் கரோனரி தமனிக்கும் இடையிலான தூரம், கூடவே கீழறைச் சுவரில் ஓட்டை உண்டா, வால்வு எவ்வளவு கசிகிறது என்பவை அறிக்கையில் இருக்க வேண்டும். “சைனஸ் வெடிப்பு” என்று மட்டும் எழுதிய அறிக்கை போதாது. பெருந்தமனி வேர்ப்பகுதியின் முழு அமைப்பையும் பார்க்க சி.டி. உதவும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அறுவைக்கு முன் கரோனரி தமனிகளில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வோம்.

மருந்தால் சமாளிக்க முடியாதா?

கிழிசலை மருந்து மூடாது, தானாகவும் மூடாது. இதயம் தாங்கும் வரை தாங்கி, சிகிச்சை பெறாதவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இதயச் செயலிழப்பால் இறக்கிறார்கள். அறுவை வரை நோயாளியைச் சீரான நிலையில் வைத்திருப்பதே மருந்தின் வேலை. நுரையீரலில் தேங்கிய நீரை இறக்க ஃபுரோசமைடு, ரத்த அழுத்தம் இடம் கொடுத்தால் தமனிகளைத் தளர்த்தும் மருந்து.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. படபடப்புக்குப் பீட்டா பிளாக்கர் கொடுத்துத் துடிப்பை மெதுவாக்கினால், இதயம் விரியும் நேரம் நீண்டு, கசிவும் திருப்பாய்ச்சலும் கூடிவிடலாம். ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்குப் பெருந்தமனி பலூன் பம்ப் (பெருந்தமனிக்குள் விரிந்து சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன்) போடுவதும் கூடாது. பலூன் விரிவது இதயம் விரியும் நேரத்தில்தான். கிழிசல் வழியாகவும் கசியும் வால்வு வழியாகவும் அது கூடுதல் ரத்தத்தைத் தள்ளும்.

காய்ச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று ரத்த மாதிரிகள் வளர்ப்புச் சோதனைக்குப் போக வேண்டும். ஒரே ஒரு வேளை மருந்துகூடக் கிருமியை மறைத்துவிடலாம்.

எவ்வளவு சீக்கிரம் அறுவை தேவை?

மூச்சுத்திணறல் அடங்காமலோ ரத்த அழுத்தம் நிற்காமலோ இருந்தால் அன்றே. மருந்தில் தெளிந்தவர்களுக்கு அதே மருத்துவமனைச் சேர்க்கையில் செய்வது நல்லது. தொந்தரவே இல்லாதவரும் மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்: கிழிசல் பெரிதாகலாம், பாய்ச்சல் மோதும் இடத்தில் தொற்று குடியேறலாம், தாங்கல் இழந்த வால்வு இதழ் மேலும் மேலும் தொய்யலாம். மூன்றாவதுதான் பலர் கவனிக்காத இழப்பு. இன்று தையலால் காப்பாற்றக்கூடிய வால்வு, சில ஆண்டு தாமதத்தில் செயற்கை வால்வாக மாற்ற வேண்டியதாகிவிடும்.

மார்பைத் திறக்காமல் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக அடைக்க முடியுமா?

தகுந்த நோயாளிக்கு முடியும். 1994இல் முதன்முறையாகச் செய்ததாகப் பதிவானது. இப்போது பெரும்பாலும் டக்ட் ஆக்லூடர் என்ற அடைப்பான் பயன்படுகிறது. தொடைத் தமனி வழியாக வயரை வீக்கத்தின் வாயில் நுழைத்து, வலப்புறத்தில் பிடித்து, தொடைச் சிரை வழியாக வெளியே இழுப்பார்கள். அந்த வயரின் மேல் சிரைப் பக்கமிருந்து அடைப்பானைக் கொண்டுபோய், பெருந்தமனிப் பக்க வாயைவிட சுமார் 2–4 மி.மீ. பெரிய அளவில் பொருத்துவார்கள். விடுவிக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, வால்வு கசிகிறதா, கரோனரி தமனி மறைக்கப்படுகிறதா என்று மறுபடி படம் எடுப்பது கட்டாயம்.

துளை ஒன்றே இருக்க வேண்டும். கரோனரி வாயிலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். மூட வேண்டிய கீழறைச் சுவர் ஓட்டை, லேசானதைத் தாண்டிய வால்வுக் கசிவு, தொற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அறுவைதான் சரி. அடைத்த பின் சிறு கசிவு எஞ்சினால் வேகமான பாய்ச்சலில் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகலாம். சொன்ன உடனே பார்க்க வேண்டிய அறிகுறி அது.

அறுவை எப்படி நடக்கிறது?

முழு மயக்கம், நடு மார்பெலும்பு வழியாகத் திறப்பு, ஆரம்பம் முதல் முடிவு வரை உணவுக்குழாய் எக்கோ. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், உடல் எடையில் கிலோவுக்கு 300–400 யூனிட். ரத்தம் உறையும் நேரம் 480 வினாடியைத் தாண்டிய பிறகே இதய-நுரையீரல் இயந்திரம் ஓடத் தொடங்கும். வலப்புற அறையைத் திறக்க வேண்டியிருப்பதால் மேல், கீழ்ப் பெருஞ்சிரைகள் இரண்டிலும் தனித்தனிக் குழாய் போட்டு நாடாவால் இறுக்குவோம். உடல் சுமார் 28–32 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்படும். வலது மேல் நுரையீரல் சிரை வழியாக இடது கீழறைக்குள் ஒரு வடிகுழாய் போகும்.

இந்த நோய்க்கே உரிய ஆபத்து இங்கே தொடங்குகிறது. குளிர்விக்கும்போது, பெருந்தமனிக்குக் கிளாம்ப் என்ற இடுக்கி போடும் முன் இதயம் நடுக்கத்தில் விழுந்தால், இயந்திரம் தள்ளும் ரத்தம் கிழிசல் வழியாக இதயத்துக்குள் கொட்டி அதை உப்பவைக்கும். அதனால் வடிகுழாய் தயாராக இருக்க வேண்டும். கிளாம்ப் போடத் தாமதிக்கக் கூடாது. அடுத்தது இதயத்தை நிறுத்தும் கார்டியோபிளீஜியா திரவம். வழக்கம்போல் பெருந்தமனி வேரில் செலுத்தினால் அது கரோனரிகளுக்குப் போகாமல் கிழிசல் வழியாக வலப்புறம் ஓடிவிடும். இதயத் தசை பாதுகாப்பின்றிக் கிடக்கும், எண்ணிக்கையில் மட்டும் முழு அளவு கொடுத்ததாகத் தெரியும். எனவே வீக்கத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டு செலுத்தலாம். அல்லது பெருந்தமனியைத் திறந்து இரு கரோனரி வாய்களிலும் நேரடியாகக் கொடுக்கலாம். கரோனரி சைனஸ் என்ற சிரை (வால்சால்வா சைனஸ் அல்ல) வழியாகப் பின்னோக்கியும் கொடுக்கலாம். நேரடியாகக் கொடுப்பதையே நாங்கள் விரும்புகிறோம். திரவம் எங்கே போகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது.

பெருந்தமனியை வலது கரோனரி வாய்க்கு ஒன்று, ஒன்றரை செ.மீ. மேலே குறுக்கே திறந்து, முதலில் மூன்று இதழ்களையும் பார்ப்போம். பிறகு வெடித்த பக்க அறை: வலது மேலறைக்குள் வெடித்திருந்தால் மேலறை வழியாக, நுரையீரல் வால்வுக்கு நேர் கீழே வெடித்திருந்தால் நுரையீரல் தமனி வழியாக. வலது கீழறைத் தசையை வெட்டுவதை இயன்றவரை தவிர்ப்போம். இரு பக்கமும் பார்ப்பது கூடுதல் வேலைதான். ஆனால் ஒரு பக்கமாக மட்டும் போனால் இரண்டாவது துளையோ, இதழுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சுவர் ஓட்டையோ தப்பிவிடும்.

தொங்கும் பையை அறைப் பக்கம் வெட்டி எடுத்து, தைக்க 2–3 மி.மீ. விளிம்பை விட்டுவைப்போம். முதன்மையான அடைப்பு பெருந்தமனிப் பக்க வாயில். பலவீனம் இருப்பது அங்கேதான். நுனியை மட்டும் மூடினால் பை மறுபடி உப்பும். டேக்ரான், பி.டி.எஃப்.இ. ஆகிய செயற்கைத் துணிகளை அல்லது குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்திய நோயாளியின் சொந்த இதய உறைத் துண்டைப் பேட்சாக வைத்து, 4-0 அல்லது 5-0 பாலிபுரொப்பிலீன் தையல். தேவையான இடத்தில் தையலுக்கு அடியில் சிறு மெத்தைத் துண்டுகள்.

அறைகளை மூடும் முன் ஒரு சோதனை. பெருந்தமனியை மூடி, வேரில் திரவத்தை அழுத்தத்தோடு செலுத்தி, திறந்திருக்கும் வலப்புறத்தில் துளியேனும் கசிகிறதா, இடது கீழறை உப்புகிறதா என்று பார்ப்போம். உப்பினால் வால்வு கசிகிறது. பிறகு காற்றை வெளியேற்றி, சூடாக்கி, கிளாம்பை எடுத்து, எக்கோவில் உறுதி செய்த பின்னரே ஹெபாரினை முறிக்கும் புரோட்டமின்.

சிறு துளைதானே, நேரடியாகத் தைத்தால் என்ன?

மிகச் சிறியதாக, விளிம்பு உறுதியாக இருந்தால் தைக்கலாம். மற்றபடி இரு விளிம்பையும் இழுத்துச் சேர்க்கும்போது வால்வு வளையமும் கூடவே இழுபடும். ஒரு இதழ் கீழே இறங்கி மற்ற இரண்டோடு சேராமல் போகும். கசியாத வால்வு அறுவையால் கசியத் தொடங்கும். அதோடு பலவீனமான திசுவின் மேல் இழுவை விழுவதால் தையல் அறுத்துக்கொண்டு மீண்டும் திறக்கவும் கூடும். பேட்ச் இரண்டையும் தவிர்க்கிறது.

கீழறைச் சுவர் ஓட்டையும் இருந்தால்?

வலது சைனஸ் வெடிப்பில் இது அடிக்கடி கூட வரும். எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் 30–60 சதவீதம். ஓட்டைக்கும் வீக்கத்தின் வாய்க்கும் நடுவே வால்வு வளையத்தின் ஒரு கீற்று மட்டுமே இருக்கும். ஒரே பேட்சை அந்தக் கீற்றோடு சேர்த்துத் தைத்தும் மூடலாம். இரண்டு தனிப் பேட்சுகளும் போடலாம். எப்படிச் செய்தாலும் வளையத்துக்கு உறுதியான தாங்கல் கிடைக்க வேண்டும்.

வால்வையும் மாற்றுவார்களா?

அறுவைக்கு முன் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒப்புதல் பெறும்போதே செயற்கை வால்வு பற்றியும் பேசிவிடுகிறோம். லேசான கசிவை விட்டுவிடலாம், தாங்கல் கிடைத்ததும் குறையும். தொய்ந்த, ஆனால் மென்மையாக இருக்கும் இதழை ஓரத்தில் மடித்துத் தைத்து உயர்த்தலாம். இதழ் தடித்துச் சுருண்டிருந்தாலோ கிழிந்திருந்தாலோ வால்வு மாற்றமே நிலைக்கும். உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின்; அதன் அளவைச் சரிபார்க்கும் ரத்தச் சோதனையான ஐ.என்.ஆர். பொதுவாக 2–3. திசு வால்வுக்கு அந்த மருந்து நெடுநாள் தேவையில்லை, ஆனால் இளவயதில் அது விரைவாகத் தேயும். வால்வு கசிவே இவர்களின் பிற்காலத்தைத் தீர்மானிக்கிறது. எனவே துளையை எவ்வளவு அழகாக மூடினார்கள் என்பதைவிட, அரங்கை விட்டு வெளியே வரும்போது கசிவு எவ்வளவு என்று கேளுங்கள்.

அறுவையின் ஆபத்துகள்?

தொற்று இல்லாதவர்களில் அனுபவமுள்ள மையங்களில் இறப்பு விகிதம் 5 சதவீதத்துக்கும் கீழ். எண்டோகார்டைட்டிஸ் இருந்தால் கூடும்: கெட்டுப்போன திசு முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும், சில நேரம் பெருந்தமனி வேரையே மாற்ற வேண்டும், பிறகு வாரக்கணக்கில் ஊசி மருந்து.

இதயத்தின் மின்பாதை, வலது இதழும் கரோனரி இல்லாத இதழும் சந்திக்கும் மூலைக்கு அடியில் போகிறது. அங்கே ஆழமாக விழும் ஒரு தையல், மேலறையின் மின்துடிப்பு கீழறைக்கு எட்டாத முழு அடைப்பை உண்டாக்கும். அதனால் எல்லோருக்கும் இதயத்தைத் துடிக்க வைக்கும் தற்காலிக பேசிங் வயர் வைக்கிறோம். ஒரு வாரம் ஆகியும் இயல்பான துடிப்பு திரும்பாவிட்டால் நிரந்தர பேஸ்மேக்கர். வலது கரோனரி வாய் பேட்சின் விளிம்பில் நசுங்கினால், இயந்திரத்திலிருந்து விடுபடும்போது வலது கீழறை சோர்ந்து கிடக்கும். காற்றுக் குமிழியாலும் இதே தோற்றம் வரும், ஆனால் அது சில நிமிடங்களில் தெளியும். தெளியாவிட்டால் காத்திருக்கக் கூடாது; தையலைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அல்லது பைபாஸ் போட வேண்டும்.

வீட்டுக்குப் போன பின்?

சிக்கல் இல்லாவிட்டால் தீவிர சிகிச்சையில் ஓரிரு நாள், மருத்துவமனையில் மொத்தம் ஒரு வாரம் அளவில். மார்பெலும்பு கூட 6–8 வாரம் ஆகும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், வாகனம் ஓட்ட வேண்டாம். நடை முதல் நாளிலிருந்தே நல்லது.

முதல் சில வாரங்களில் காய்ச்சலும் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலியும் வந்தால் இதய உறையில் நீர் சேர்ந்திருக்கலாம். எக்கோ எடுக்க வேண்டும். எந்தக் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். முதலில் ரத்த வளர்ப்புச் சோதனை. வீடு திரும்பும் முன், சில வாரங்களில், ஓராண்டில், பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை என எக்கோ தொடர வேண்டும். உடல் நன்றாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

பல் பிடுங்கும்போது இதயத் தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக் தேவையா?

பேட்சோ அடைப்பானோ வைத்த முதல் 6 மாதம் தேவை. செயற்கை வால்வு, பேட்ச் ஓரத்தில் எஞ்சிய கசிவு, முன்பு எண்டோகார்டைட்டிஸ் வந்த வரலாறு இருந்தால் எப்போதுமே தேவை. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு அமாக்ஸிசிலின் 2 கிராம், சிகிச்சைக்கு 30–60 நிமிடம் முன்பு ஒரே வேளை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அசித்ரோமைசின் 500 மி.கி. போன்ற மாற்று. ஈறுகளை நன்றாக வைத்திருப்பது இந்த ஒரு வேளை மருந்தைவிடப் பெரிய பாதுகாப்பு.

கர்ப்பம் தரிக்கலாமா?

மூடிய துளை, லேசான அல்லது இல்லாத கசிவு, இயல்பான இதயத் திறன் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. வெடிப்பு தெரிந்திருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்வது அவசியம். கர்ப்ப காலத்தில் கூடும் ரத்த அளவை அந்த இதயம் தாங்காது. உலோக வால்வு உள்ளவர்கள் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேச வேண்டும், ஏனெனில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறையலாம்.

வெடிக்காத வீக்கம் தற்செயலாகத் தெரிந்தால்?

வலது கீழறையின் வெளிவழியையோ கரோனரி தமனியையோ அழுத்துவது, துடிப்புக் கோளாறு, தொற்று, வேகமாக வளர்வது: இவற்றில் ஒன்று இருந்தால் அறுவை. வேறு காரணத்துக்காக இதயத்தைத் திறக்கும்போது தென்பட்டால் அப்போதே சரிசெய்வோம். மற்றவர்களுக்கு முறையான படங்களும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும்.

குடும்பத்தாருக்கும் சோதனை வேண்டுமா?

தனித்து வரும் பிறவி வீக்கம் பொதுவாகக் குடும்பத்தில் தொடர்வதில்லை. நோயாளிக்கு இரண்டு இதழ் அயோர்ட்டிக் வால்வோ மார்ஃபான் போன்ற இணைப்புத்திசு நோயோ இருந்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். இணைப்புத்திசு நோய் என்றால் மரபணு ஆலோசனையும் சேர வேண்டும்.